கணக்கில் விடுபட்டவை

நான் குருப்பட்டம் பெற்று 27 ஆண்டுகள் ஆகின்றன. இக்காலத்தில் 7 பங்குகளில் பணிபுரிந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வரும். படித்த சில நாட்களுக்குள் இரண்டு இரும்புப் பெட்டிகள், நான்கைந்து அட்டைப் பெட்டி நிறையப் புத்தகங்கள், ஒரு மேசை விசிறி ஆகியவற்றுடன் புறப்பட்டுவிடுவேன். போய் இறங்கும் இடத்தில் பங்கு இல்லம் திறந்திருக்கும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். இந்த ஊரில் வீட்டு வாடகை எவ்வளவு, அந்த ஊரில் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை. விசாரிக்க வேண்டிய தேவையும் எனக்கு நேர்ந்ததில்லை.

இத்தகைய ஒருவனிடம் வந்துதான் பங்குமக்கள், “சாமி, சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா?” என்று கேட்கிறார்கள். நானும் சிறிதும் அஞ்சாமல் விடை சொல்லி வந்திருக்கிறேன். அவ்வாறு சொன்ன விடைகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதத் துணிகிறேன். அது என் சொந்தத் தங்கையின் குடும்பத்துக்குச் சொன்னது. தங்கையின் ஒப்புதலைப் பெற்றே எழுதுகிறேன் என்பதையும் வாசக அன்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கையின் கணவர் சென்னையில் ஒரு கிளியரிங் நிறுவனத்தில் பணிபுரிகிறார். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளுக்கு வேண்டிய சுங்கத் தாள்களை ஆயத்தம் செய்து, தீர்வையைக் கட்டி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் தொழில் அது. சுங்க இல்லம் இருப்பது ராஜாஜி சாலையில். இத்தொழில் நடத்துவோரின் அலுவலகங்கள் அதை அடுத்த தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு போன்ற நெருக்கமான தெருக்களில். அவர் குடியிருப்போ பல்லாவரத்தில். காலை 7 மணிக்கு மின்சார ரயிலில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குவார். இரவு வீடு திரும்பும்போது மணி 9 ஆகிவிடும். பிள்ளைகள் விழித்திருக்கும்போது அவர்களுடன் அமர்ந்து உண்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான். தங்கை, வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்த்து வந்தாள். மூத்த பெண் 9ஆம் வகுப்பை முடித்திருந்தாள். இளையவன் 5ஆம் வகுப்பு.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தூத்துக்குடியிலுள்ள மற்றொரு நிறுவனம் அவரை அழைத்தது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பின்னர் இத்தொழில் அங்கும் நன்றாக வேரூன்றியிருக்கிறது. வேலை அதே வேலை. சம்பளம் மட்டும் குறைவு. அவர் ஒரு ஞாயிறு மாலை என்னைத் தேடி வந்தார். முறைப்படி என்னை ‘மச்சான்’ என்று அழைக்க வேண்டியவர்; ஆயினும் ‘சாமி’ என்றே அழைப்பார். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேசைமீது விரித்தார்.

அந்தத் தாளில் இருந்தவற்றை இன்றும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாயிலிருந்து 48,000 ஆகும். ஆகவே மாதம் 14,000 இழப்பு. எதிர்ப்பக்கத்தில் மிச்சமாகும் தொகைகள். பல்லாவரத்து வீட்டுக்குப் பராமரிப்பும் சேர்த்து வாடகை 20,000, தூத்துக்குடியில் அத்தகைய வீடு 9,000க்குக் கிடைக்கும், மிச்சம் 11,000. இரு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் ஆண்டுக்கு 90,000 குறையும், மாதத்துக்கு 7,500. ஊருக்கு மும்முறை வந்து போகும் செலவு ஆண்டுக்கு 30,000, மாதத்துக்கு 2,500. தண்ணீர் கேனுக்கும் கோடையில் லாரித் தண்ணீருக்கும் கொடுப்பது 1,500. கூட்டினால் 22,500. இழப்பைக் கழித்தால் மாதம் 8,500 ரூபாய் கையில் நிற்கும். சென்னை வீட்டு உரிமையாளரிடம் கொடுத்திருந்த முன்பணம் ஒன்றரை இலட்சம் திரும்பி வரும். வீடு மாற்றும் செலவுக்கு அது போதும் என்று கீழே ஒரு குறிப்பு. (10 மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். வேறு உடன்பாடு இல்லாவிடில் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்னும் வாசலுக்குள் ஒரு யானையே நுழைந்துவிடும்.)

தாளின் அடியில் பென்சிலால் மங்கலாக ஒரு வரி எழுதியிருந்தது. அதை நான் அப்போது படிக்கவில்லை. கண்ணில் பட்டிருக்கும், கருத்தில் படவில்லை.

“நல்ல கணக்கு. இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? வந்துவிடுங்கள்” என்றேன். அத்துடன் நின்றேனா? பிள்ளைகள் ஊரை மறந்து வளர்கிறார்கள் என்றேன். பனிமய மாதா திருவிழாவுக்குக்கூட இரண்டு நாள் விருந்தாளிகளைப் போல் வந்து போகிறார்கள் என்றேன். நகர வாழ்க்கை மனிதனைத் தின்றுவிடும் என்று, சென்னையில் ஒரு மாதம்கூடத் தொடர்ந்து தங்கியிராத நான் அரைமணி நேரம் பேசினேன். அவர் முகம் மலர்ந்தது. அவருக்கும் ஊருக்கு வர வேண்டும் என்ற ஏக்கம் உள்ளூர இருந்தது. ஏங்குகிறவனுக்கு ஆமாம் போடுவதைப்போல் எளிதான காரியம் உலகில் வேறு இல்லை.

தாளை என்னிடமே விட்டுச் சென்றார். மறுநாள் அதை எங்கள் பங்கின் நிதிக்குழுவில் உள்ள ஒரு பெரியவரிடம் பெருமையுடன் காட்டினேன். அஞ்சல் துறையில் 35 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய் குறைந்தாலும் உண்டியல் பணத்தை மறுபடி எண்ணுகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார்.

“சாமி, இது தப்பான கணக்கு இல்லை, ஆனால் இது எங்களைப் போன்ற அரசாங்க ஊழியன் போட வேண்டிய கணக்கு” என்றார். பிறகு விளக்கினார். மத்திய அரசு தன் ஊழியர்கள் இருக்கும் ஊர்களை மூன்று வகையாகப் பிரித்து வீட்டு வாடகைப் படி கொடுக்கிறது. 2024 ஜனவரி முதல் அது அடிப்படைச் சம்பளத்தில் சென்னைக்கு 30 விழுக்காடு. மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களுக்கு 20. தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு 10. அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால், சென்னையில் இருப்பவருக்கு 15,000 ரூபாய், தூத்துக்குடிக்கு மாறினால் 5,000. குறைவது இத்தகைய படிகள்தான். அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் ஊரைக் காரணம் காட்டி எவரும் குறைப்பதில்லை. “உங்கள் மைத்துனருக்கு வெட்டு விழுவது வாடகைப் படியில் அல்ல, அடிமரத்தில். அடிப்படைச் சம்பளம் குறைந்தால் சேமநிதிக்குப் பிடிக்கும் தொகையும், முதலாளி போடும் தொகையும் சேர்ந்து குறையும். அடுத்த ஆண்டு 8 விழுக்காடு உயர்வு என்றாலும் அது 48,000க்குத்தான் 8 விழுக்காடு. நாளைக்கு இன்னொரு முதலாளி, ‘இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்?’ என்றுதான் கேட்பான். வாடகை இன்றைக்கு மிச்சம்; சம்பளம் ஓய்வு பெறும் வரைக்கும் குறைச்சல்.”

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றேன், இதைக் கற்கவில்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற உவமை லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். உட்கார்ந்து கணக்கிடும் அம்மனிதனின் மனைவி அப்போது எங்கே இருந்தாள் என்று ஒரு முறையும் எண்ணிப் பார்த்ததில்லை. அதைப் பின்னர் சொல்கிறேன்.

பெரியவர் போன பிறகு வேறொரு குடும்பம் என் நினைவுக்கு வந்தது. முன்பு நான் இருந்த ஒரு பங்கைச் சேர்ந்த இளைஞர். பெங்களூரில் கணினி வேலை. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றவுடன் மனைவி, குழந்தையுடன் ஊருக்கு வந்தார். ஈராண்டு நன்றாகவே சென்றது. வாடகையில்லாத வீடு, பாட்டியின் கைச்சோறு, மாலையில் கடற்கரை. என்னைக் கேட்டபோது, இனி இங்கேயே இருந்துவிடுங்கள் என்று அவருக்கும் வாழ்த்துச் சொன்னேன். ஊரிலேயே கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். தளம் போட்ட சில மாதங்களில் அலுவலகம் திரும்ப அழைத்தது. இப்போது அவர் பெங்களூரில் வாடகையும் ஊரில் வீட்டுக் கடனும் கட்டி வருகிறார். என்னைக் கண்டால் வழக்கம்போல் கைகூப்புகிறார். எனக்குத்தான் கூச்சமாயிருக்கிறது.

மைத்துனரின் தொழிலிலும் இது போன்ற ஓர் இடர் உண்டு. சென்னையில் ஒரு முதலாளியோடு மனத்தாங்கல் வந்தால் தெருவைக் கடந்து அடுத்த அலுவலகத்தில் கேட்கலாம். சென்னைத் துறைமுகம் போதாதென்று எண்ணூரும் காட்டுப்பள்ளியும் உள்ளன. வீட்டை மாற்ற வேண்டாம். பிள்ளைகளின் பள்ளியை மாற்ற வேண்டாம். தூத்துக்குடியிலோ நிறுவனங்கள் குறைவு. நடத்துவோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அங்கே ஒரு வேலை போனால் அதனுடன் ஊரும் போய்விடக்கூடும். எங்கள் பக்கம் வளரவில்லை என்று சொல்லவில்லை. 2024இல் தூத்துக்குடியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. 2025இல் வின்பாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலையும், விமான நிலையத்தின் புதிய முனையமும் திறக்கப்பட்டன. நல்லதுதான். ஆனால் இவை வர வர, வாடகை பேசும் வீட்டுக்காரர்களின் குரலும் சிறிது தடித்து வருவதைக் கேட்கிறேன்.

நிற்க. அதே வாரம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். என்னிடம் சண்டையிட்டு அறியாதவள். அன்றும் சண்டையிடவில்லை.

“அண்ணா, அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறதா? அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள்.

அப்போதுதான் பென்சில் வரியைப் படித்தேன். “அவள் வேலை — பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றிருந்தது.

அவள் மாதம் 28,000 வாங்குகிறாள். 2013இல் 9,000 ரூபாயில் சேர்ந்தவள். இரவுப் பணி பார்த்து, இளையவன் பிறந்து மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பி, இப்போது ஒரு முறைப்பணிக்குப் பொறுப்பாளராக இருக்கிறாள். தூத்துக்குடியில் இரண்டு இடங்களில் தானே விசாரித்திருந்தாள். 15,000 தருவார்களாம், அதுவும் புதியவளாகத் தொடங்க வேண்டும். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கைப் போட்டேன். 8,500 மிச்சம் என்றது 4,500 பற்றாக்குறையாக மாறியது. வேலையே கிடைக்காவிட்டால் மாதம் 19,500 பள்ளம்.

“பணம் மட்டுமல்ல, அண்ணா. கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லையென்றால் மூன்றாம் மாடியிலிருந்து என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் எடுத்தால் குழந்தை அழுவதில்லை என்று சொல்கிறார்கள். ஊருக்கு வந்தால் நான் யார்? அவருடைய மனைவி, உங்கள் தங்கை. அது குறைவு என்று சொல்லவில்லை” என்றாள். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அம்மாவை நான் பார்க்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை” என்றாள்.

அம்மாவைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. அவள் ஏன் அதைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. அல்லது விளங்காதது போல் இருந்துவிட்டேன்.

எங்கள் தாயார் ஸ்ரீவைகுண்டத்திற்குக் கிழக்கே தாமிரபரணியின் கரையிலுள்ள சிற்றூரில் தனியே வாழ்கிறார். தந்தையார் இறந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த வியாழனன்று அவரைக் காணச் சென்றேன். தங்கை குடும்பம் வரக்கூடும் என்ற செய்தியை ஒரு பரிசைப்போல் எடுத்துச் சென்றேன். குருப்பட்டம் பெற்ற நாள் முதல் என் தாயாரும் என்னைச் ‘சாமி’ என்றே அழைக்கிறார். சினம் வந்தால் மட்டும் பழைய பெயர் திரும்பும். அன்று அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“ஏலே, அந்தப் பிள்ள வேலய யாரு கணக்குல சேத்தா? எனக்காவ அவள வரச் சொல்லுதியா, ஒனக்காவ வரச் சொல்லுதியா?”

நான் விடை சொல்லவில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை மூழ்கியபோது நானும் தாயாரும் தங்கையை எண்ணிக் கலங்கினோம். இரு வாரம் கழிவதற்குள், 17, 18 தேதிகளில், மழை எங்கள் பக்கம் திரும்பியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பெய்தது. எங்கள் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையினும் அது மிகுதி. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று. என் பங்கிலும் வீடுகள் இடிந்தன. பள்ளிக் கட்டடத்தில் மக்களைத் தங்க வைத்து, இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டோம். மூன்று நாட்கள் தொலைபேசி இல்லை, சாலையும் இல்லை. பிறர் வீட்டுத் தாய்மார்களுக்குப் போர்வை கொடுத்துக்கொண்டே என் தாய் உயிருடன் இருக்கிறாரா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் சேற்றில் நடந்து போய்ச் சேர்ந்தேன். அண்டை வீட்டார் மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றியிருந்தார்கள். தந்தையாரின் நாற்காலி சுவரோரம் தலைகீழாகக் கிடந்தது. தாயார் என்னைப் பார்த்து, “சாப்பிட்டியா சாமி?” என்றுதான் கேட்டார்.

அன்று முதல், யாரேனும் ஒருவர் அருகில் வந்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம் எனக்கு. அந்த ‘யாரேனும்’ நானாக இருக்க முடியாது. நான் ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களித்தவன். ஆகவே அது தங்கையாக இருக்கட்டும் என்று என் மனம் என்னைக் கேளாமலே முடிவு செய்திருந்தது. மைத்துனர் தாளை விரித்தபோது நான் பார்த்தது வாடகையை அல்ல, அந்த நாற்காலியை. நகரம் மனிதனைத் தின்னும் என்றெல்லாம் பேசியது என் அச்சத்தை மறைக்கத்தான். என் இரவுகள் அமைதியாகக் கழிய மாதம் 13,000 ரூபாயையும் 11 ஆண்டுத் தேர்ச்சியையும் தங்கை செலுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு ஆன்மீக ஆலோசனை என்று பெயரும் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் மைத்துனரை அழைத்து, நான் சொன்னது ஒருதலையான ஆலோசனை என்றும், அதற்குக் காரணம் இன்னதென்றும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கும் ஆசையாக இருந்தது சாமி. அதனால்தான் பென்சிலில் எழுதினேன்” என்றார்.

அவர்கள் இருவரும் அமர்ந்து புதிய தாளில் மறுபடி கணக்குப் போட்டார்கள். மகளின் 10ஆம் வகுப்பும் அதில் சேர்ந்தது. அவருடைய முதுகுவலியும், 7 மணி ரயிலும் சேர்ந்தன என்று தங்கை சொன்னாள். அவற்றுக்கு எதிரே எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல் இடத்தை வெறுமையாக விட்டார்களாம். இறுதியில் தூத்துக்குடி வேலையை ஏற்கவில்லை. அவருடைய நிறுவனத்துக்கே தூத்துக்குடியில் ஒரு சிறு கிளை உண்டு. சம்பளத்தைக் குறைக்காமல் அங்கே மாற்றம் தரும்படி எழுதிக் கொடுத்தார். இடம் காலியானால் பார்க்கலாம் என்றார்கள். இன்னும் காலியாகவில்லை. மகள் 10ஆம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். அவர் இன்றும் அதே 7 மணி ரயிலில்தான் போகிறார். அவரை நினைக்கும்போது இந்த முடிவைச் சரியென்று முழுமனத்துடன் என்னால் சொல்ல இயலவில்லை. தவறென்றும் சொல்ல இயலவில்லை.

என் பங்குக்கு, என் மாதப் படியிலிருந்து ஒரு தொகை கொடுத்து, அண்டை வீட்டு விதவைப் பெண் ஒருவரை இரவில் தாயாருக்குத் துணையாகப் படுக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். வீட்டின் தாள்களையும் மருந்துகளையும் உயரமான பலகைக்கு மாற்றினேன். தங்கையும் மாதந்தோறும் பணம் அனுப்புகிறாள். வியாழன் மாலை சென்று, வெள்ளி விடியற்காலையில் பங்குக்குத் திரும்புகிறேன். முன்பும் இப்படிச் செய்திருக்கலாம். ஆயரோ வேறு எவரோ என்னைத் தடுக்கவில்லை.

சென்ற வாரம் பாயை விரித்துக் கொடுத்தபோது தாயார் சொன்னார்: “வாரத்துக்கு ஒரு நா வந்தா போதும் சாமி. மார்கழி மழைக்கு மட்டும் ரெண்டு நா சேந்தாப்புல வந்து இருந்துட்டுப் போ.”

சரி என்றேன். மார்கழியில் கிறிஸ்து பிறப்பு விழா வேலைகளை விட்டு ஒரு பங்குக் குரு இரண்டு நாள் அசைய முடியாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.